இருபத்து நாலு தாளில் என் அப்பா

எழுபதுகளின் நடுவில், கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில், நான் பொம்மைகளை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். கார்ட்டூன் படக் கம்பெனி. முகம் வரைய ஒருத்தர், மரம் வீடு வரைய ஒருத்தர், நடைக்கு நான். அடியில் பல்பு எரியும் கண்ணாடி மேசை, அதன்மேல் தாள்மேல் தாள். சாராயக் கடைகளை மூடிவிட்ட சமயம் அது. குடியின் கேட்டைச் சொல்லி ஒரு குட்டிப் படம் எடுத்துக் கொட்டகை கொட்டகையாகக் காட்டப்போகிறார்கள் என்றார்கள். அதில் வரும் குடிகாரனை நடக்க வைப்பது என் வேலை.

மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும் முதலாளி தாள்களைச் சரசரவென்று புரட்டிப் பார்த்து மேசையில் எறிந்தார்.

"ஏம்பா, இவன் நடக்குறானா, மிதக்குறானா? உடம்புல ஒரு கனம் வேணாம்? காலு தரையில உக்காரவே இல்லியே."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு எரிச்சல். குடிகாரன் என்றால் தள்ளாடுவான் என்று உடம்பை மட்டும் ஆட்டியிருந்தேன். ஆடுகிற உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று யோசிக்கவில்லை. ஒரு காலைத் தூக்கினால் இடுப்பு மறு காலின் மேல் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் விழ வேண்டும். என் ஆள் விழவும் இல்லை, நிற்கவும் இல்லை.

அன்று மதியம் சாப்பிடப் போகாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஒரு நடை தானாக வந்து நின்றது. என் அப்பாவின் நடை.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவர். மழைத் தண்ணீர் வடிந்ததும் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும்; இல்லையென்றால் உப்போடு சேறும் வரும். அப்பா காலை அகட்டி வைத்து, மொத்தப் பாரத்தையும் இடது காலில் இறக்கி, ஒரு கணம் நின்று குதிகாலை அழுத்தி, பிறகு வலது காலுக்கு மாறுவார். முப்பது வருஷம் அப்படி மிதித்தவருக்குத் தெருவிலும் அதே நடைதான். ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறு பக்கம் சாய்ந்து வருவார். தெரியாதவன் பார்த்தால் போதை என்பான். ஊருக்குத் தெரியும், அவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. கடைகளை மூடும் முன், கூலி வாங்கிய சாயங்காலம் உப்பளமே சாராயக் கடையில் நிற்கும்போது அவர் மட்டும் வீட்டுக்கு வருவார். அவரைக் காட்டித்தான் எங்கள் தெருப் பெண்கள் தங்கள் புருஷனைத் திட்டுவார்கள். "அவரும் மனுஷன்தானே, குடிக்கிறாரா?" அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

இவ்வளவும் தெரிந்த மடையன்தான் நான். தெரிந்தே பென்சிலை எடுத்தேன். இருபத்து நாலு தாள். கால் பதிகிறது, முட்டி மடங்குகிறது, தோள் இறங்குகிறது, ஒரு கணம் நிற்கிறது. முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். "இப்பதான்யா குடிச்சிருக்கான்." எனக்கு வாயெல்லாம் பல்.

அடுத்துச் செய்தது அதைவிடக் கேவலம். படம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது லீவு போட்டு ஊருக்குப் போய், அப்பாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சு டிக்கெட். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "எம் புள்ள போட்ட படம் காட்டுறாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மெயின் படத்துக்கு முன்னால் அது ஓடியது. திரையின் ஓரத்திலிருந்து குடிகாரன் வந்தான். இடது கால், நின்றான், வலது கால். மணல் தரையிலிருந்து ஒருத்தன் உரக்கச் சொன்னான்:

"டேய், நம்ம மிதிக்கிறவருடா."

அவ்வளவுதான். கொட்டகையே சிரித்தது. பெண்கள் பக்கமும் சிரித்தது. குடிகாரன் சாக்கடையில் விழுந்தபோது விசில் பறந்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் கள்ளச்சாராய நாற்றத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெஞ்சு வரைக்கும் அடித்தது. அவன்களுக்கு என் அப்பா குடிகாரன். நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அப்பா எழுந்து போகவில்லை. மெயின் படம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார். "நல்லாதான் போட்டிருக்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஓர் அறை விட்டிருக்கலாம். விடாததற்காக அவர்மேலும் கோபம் எனக்கு.

சென்னைக்கு வந்ததும் முதலாளியிடம் போய், அது என் அப்பா நடை, மாற்றிவிடுவோம், ராத்திரி பகலாக உட்கார்ந்து நானே வரைகிறேன் என்றேன்.

"பிரிண்ட்டு ஊர் ஊரா போயாச்சுப்பா. உங்கப்பாவ மரக்காணத்துல தெரியும். மத்த ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"மத்த ஊர்லயா அவரு இருக்காரு?" என்று கத்தினேன். பென்சில் டப்பாவைச் சுவரில் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அதே பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு வேறொரு பொம்மைக்கு நடை வரைய உட்கார்ந்தேன், வெட்கம்கெட்ட ஜென்மம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பாத்தி மிதிக்கும் நேரம் அது. ஆனால் அப்பா வீட்டில் இருந்தார். அவர் தெருவில் இறங்கினால் பிள்ளைகள் பின்னாலேயே சாய்ந்து சாய்ந்து நடந்து, "சரக்கு எங்க கிடைக்குது?" என்று கேட்கிறார்களாம். அதனால் இரண்டு காலையும் ஒட்டி வைத்து நேராக நடக்கப் பழகியிருக்கிறார். பாத்தியில் இறங்கினாலும் கால் அப்படியே போயிருக்கிறது. உப்பள மேஸ்திரி வாசலில் நின்று என்னிடம் சொன்னார்:

"என்னா ஆச்சுன்னே தெரியலப்பா. பூ மேல வெக்கிற மாதிரி காலு வெக்கிறாரு. ரெண்டு பாத்தி சேறாப் போச்சு. வேற ஆளப் போட்டுட்டேன்."

தெரியவில்லையாம். அவரும் அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்தான்.

மேஸ்திரி போனதும் அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். வாசலுக்கு நாலே எட்டு. கயிற்றின்மேல் வருகிறவர்போல் கால்முன் கால் வைத்து வந்தார். நாலாவது எட்டில் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் அவர் அப்படித் தள்ளாடி நான் பார்த்ததில்லை.

"டேய், நீதான நடை போடுற ஆளு" என்றார். "ஊருக்குள்ள போய் வர எனக்கு ஒரு நடை போட்டுக் குடு. பாத்து நடந்துக்கிறேன்."

அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்து தாளை எடுத்து, தரையில் உட்கார்ந்து வரைந்தேன். கால், முட்டி, இடுப்பு, தோள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது என்னுதுடா" என்றார். "வேற குடு."