இல்லாத துடக்கு

என் தம்பி ரவியின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான். ஒரே ஒரு பொய் சொல்லிக் கெடுத்தேன். அவனிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளில், கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், சான்ட்ரிங்ஹாமில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். ரவி அமெரிக்கக் கால்பந்து ஆடினான். பெயர்தான் கால்பந்து, எறிகிற பந்தை ஓடிப்போய்க் கையால் பிடிப்பதே அவன் வேலை. வைட் ரிசீவர் என்பார்கள். ஏவன்டேல் மைதானத்தில் அவனை எட்டிப் பிடிக்க ஒருவராலும் முடியாது. அமெரிக்காவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தொழில்முறை அணியொன்றின் தேர்வுக்கு அவனை அழைத்தார். இரண்டு வாரத்தில் புறப்பட வேண்டும்.

வீடு முழுக்கத் துள்ளித் திரிந்தான். எனக்கோ வயிறு எரிந்தது! அவனைப் படிப்பிக்கவென்று என் படிப்பைப் பாதியில் விட்டவள் நான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்று நின்று கால் வீங்கியவள் நான். இவன் மட்டும் பறப்பானாம்... அவனைத் தனியே அனுப்பப் பயந்தேன் என்று நெடுங்காலம் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். பொறாமை, வேறொன்றுமில்லை.

அந்த வாரம் ஊரிலிருந்து ஒரு சாவுச் செய்தி வந்தது. அம்மா வழியில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, தகப்பன் வழிப் பங்காளிகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். சிறுவயதிலேயே பள்ளி விடுதிக்குப் போன ரவிக்கு அவரையும் தெரியாது, முறையும் தெரியாது. முறை எதுவென்றாலும் அவன் என்னைத்தான் கேட்பான்.

“அவர் எங்களுக்குத் துடக்கோ அக்கா?”

“ஓம். அப்பான்ர பங்காளி. முப்பத்தொராம் நாள் சடங்கு முடியுமட்டும் நல்ல காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது.”

“அவங்கள் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டாங்களே...”

“அப்பாவும் அம்மாவும் அங்க ஆமிக்காரருக்கு நடுவில இருக்கினம். முறை தப்பி அவைக்கு ஒண்டு நடந்தால் நீ தாங்குவியோ?”

ரவி தொலைபேசியை எடுத்து, பயிற்சியாளரிடம், வீட்டில் சாவு, வர இயலாது என்றான். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தக் கணத்திலாவது வாய் திறந்திருக்கலாமே... ஏன் திறக்கவில்லை? துடக்கு என்று சொல்லி மாதம் முழுக்க அவனுக்கு மரக்கறி சமைத்துப் போட்டேன், பாவி!

அவனுக்குப் பதிலாக அவன் கூட்டாளி சியோன் போனான். தொங்கா நாட்டுப் பையன். தேறினான், அணியில் சேர்ந்தான், சில ஆண்டுகள் ஆடினான். ரவி புக்கெகோஹியில் உருளைக்கிழங்கு பொதியிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். சியோன் ஆடிய ஆட்டத்தின் வீடியோ நாடா கிடைத்தால், “அக்கா, வந்து பாருங்கோ, எங்கட சியோன்” என்று என்னையும் கூப்பிட்டு இருத்துவான். நானும் இருந்து பார்ப்பேன். வேறென்ன செய்ய?

எண்பதுகள் முடியும் தறுவாயில், முழங்கால் முறிந்து சியோன் திரும்பி வந்தான். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, அந்த இடம் உன்னுடையது, நீ ஏன் வரவில்லை என்று ரவியிடம் ஆங்கிலத்தில் கேட்டான். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

ரவி சிரித்தான். இத்தனை குண்டுக்கு நடுவிலும் ஊரில் அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருப்பது, அன்று அக்கா முறையைக் காத்ததால்தான் என்று அவனுக்கு விளக்கினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“உங்களைக் கும்பிட வேணும் அக்கா.”

நான் சியோனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.