சிவப்பு வராத குடுவை

கந்தகமும் நைட்ரஜனும் மாறி மாறிக் கைகோத்த வளைய மூலக்கூறுகளைச் சூடாக்கி உடைத்து, புது வளையமாகச் சேரவைப்பது என் தொழில். உடைவது மட்டும் தவறாமல் நடக்கும். எதையாவது அடுப்பேற்றிவிட்டு அதன் முன்னால் வயதைத் தொலைக்கும் ஆராய்ச்சி மாணவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

வந்தது ஒருமுறை

அன்று பேய் மழை. மும்பையின் ஹார்பர் லைன் ரயில் எந்த நிமிடமும் நின்றுவிடும் என்றார்கள். குடுவையைச் சூடாக்கிக்கொண்டிருந்த அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு ரயில் பிடிக்க ஓடினேன். மறுநாள் வந்து பார்த்தால் அடியில் கருஞ்சிவப்புப் படிகங்கள்! எக்ஸ்ரேயில் பார்த்தபோது, இதுவரை யாரும் செய்யாத வளையம். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடிடம் ஓடினேன். மாட்டுங்காத் தமிழர், எதற்கும் முகம் மலராதவர்.

"இன்னொரு தரம் பண்ணிக் காட்டு. அதுவரைக்கும் இது கெமிஸ்ட்ரி இல்லே, சொப்பனம். தீசிஸ்ல சொப்பனத்துக்கு இடமில்லேம்மா."

மஞ்சள், மேலும் மஞ்சள்

அவசரத்தில் செய்ததே வந்ததென்றால், பொறுமையாகச் செய்தால் அள்ளலாம் என்று நினைத்தேன். முழுதாகச் சூடாக்கினேன். மஞ்சள் தூள் வந்தது. வெறும் கந்தகம். இன்னும் அதிக நேரம் சூடாக்கினேன். இன்னும் அதிகக் கந்தகம். மூலப்பொருளைத் தயாரிக்கவே வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். அதைக் கந்தகமாக்குவதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று அழுகையே வந்தது. தாராவியில் பிறந்து வளர்ந்த பக்கத்து மேசை ஹமீது ஆறுதல் சொன்னான்.

"சல்ஃபர்தான் வேணும்னா கடையில கிலோ கணக்குல கிடைக்குமே, தோஸ்த். எதுக்கு இவ்ளோ மெஹ்னத், இவ்ளோ பாடு?"

லிஃப்டில் கேஸ்

செம்பூர்ப் பக்கம் மூக்கில் ஏதாவது பட்டால் போதும், கேஸ் லீக் என்று எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள். ஃபேக்டரிகளுக்கு நடுவே குடியிருப்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருநாள் திலக் நகர் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கட்டடமே கீழே நிற்கிறது. லிஃப்டில் நாற்றமாம். குற்றவாளி, லேபின் கந்தக வாடை ஏறிய என் துப்பட்டா. சொசைட்டி செக்ரட்டரி அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் படிப்பு எப்போ முடியும்? உனக்காகக் கேக்கலை, பில்டிங்குக்காகக் கேக்கறேன்."

போதும்

தீபாவளியோடு என் ஃபெல்லோஷிப் முடிகிறது. அதற்குள் சிவப்பு வராவிட்டால் இத்தனை வருடமும் வீண். மிச்சமிருந்த மூலப்பொருளையெல்லாம் அடுப்பேற்றிவிட்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா போன் செய்தாள். மும்பைக்கு வந்தும் திருநெல்வேலி பேச்சை விடாதவள். "ஏட்டி, இன்னும் அங்ஙன என்ன பண்ணுத? எல்லாத்தையும் அமத்திட்டு வீட்டுக்கு வா" என்றாள். யாருக்கு வேண்டும் இந்த வளையம் என்று ஆத்திரத்தோடு சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மறுநாள் அடியில் சிவப்பு! அப்போதுதான் உறைத்தது. வளையம் கொஞ்ச நேரத்திலேயே உருவாகிவிடுகிறது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் வேகவைத்துக் கந்தகமாக்கியிருக்கிறேன். இந்தத் தடவை என்ன மாற்றினாய் என்று கைடு கேட்டார். கோபம் வந்து அணைத்துவிட்டுப் போய்விட்டேன் சார் என்றேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"கோபம்னு எழுதாதே. 'வினை பாதியில் நிறுத்தப்பட்டது'ன்னு எழுது."

ஆக, பொறுப்பாக உட்கார்ந்திருந்த நாளெல்லாம் கந்தகமாகப் போக, நான் வாங்கப்போகும் டாக்டர் பட்டம் வேலையைப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போன இரண்டே மாலைகளில் சம்பாதித்தது.