பத்து விரலும் ஒரு பாய்ப் பலகையும்

என் செருப்புக் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது நாமக்கல்லிலிருந்து வசந்தாமணி அக்காவின் மகள் கவிதா அழைத்தாள். "மாமா, அம்மா விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். தூக்கிய ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். துக்கத்துக்குக் கடையை மூடுகிற ஆள் நான் இல்லை. அன்று மூடினேன்.

அக்காவின் தார்ப்பாய்ப் பட்டறையை லாரி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பாய்ப் பலகை ஓட்டுவார் என்பது பாதிப் பேருக்குத்தான் தெரியும். விண்ட்சர்ஃபிங் என்கிறார்கள். பலகைமேல் நின்று, அதில் நட்ட பாயைக் கையால் பிடித்துக் காற்றில் ஓடுவது. ராமேசுவரம் போனபோது கடலில் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம தார்ப்பாயத்தான் நட்டுக்க நிறுத்தியிருக்கறான்" என்று சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. பழைய பலகை ஒன்றை வாங்கிவந்து, சேலத்துக்குப் பக்கத்துப் பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் நிற்கிற வருடங்களில் ஆடிக் காற்றுக்கு இறங்கிவிடுவார்.

துக்க வீட்டில், பந்தலுக்கு அடியில், அந்தத் தண்ணி விளையாட்டுதான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் தண்ணீரே இல்லாத மாதம் அது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார். இந்தப் பேச்சு ஊரில் நிலைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், அவரைத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

எங்கள் பழக்கம் வெட்சூட்டில் தொடங்கியது. அது உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்பு. சேலத்து வெயிலுக்கு எதற்குங்கக்கா ரப்பர் என்று கேட்டேன். "நனைஞ்ச சட்டையோட லாரி மேல நின்னு போய்ப் பாரு தம்பி. சித்திரையிலயும் பல்லு தட்டும்" என்றார். எனக்குச் சரக்கு அனுப்புகிறவர் மூலம் ஒன்று வரவழைத்தேன். வயதானவர், தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாகச் சொல்லிவிட்டேன். நம் பக்கத்தில் எதையும் அப்படித்தான் வாங்குவோம். அவர் முதல்முறை தண்ணீரில் விழுந்து எழுந்தபோது, முழங்காலிலும் இடுப்பிலும் தண்ணீர் கோத்துத் தொங்கியது. கரைக்கு வந்து, "ஏந்தம்பி, இது சட்டையா, தண்ணி லாரியா?" என்றார்.

அது தோலைப் போல இறுகியிருக்க வேண்டுமாம். உள்ளே நுழைகிற கொஞ்சம் தண்ணீர் அங்கேயே நின்று உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். தொளதொளவென்றிருந்தால் புதுத் தண்ணீர் வந்து வந்து போகும், குளிர் நிற்காது. பாயை இழுத்துப் பிடிக்கும் கை புடைக்கும் என்பதால் கை இல்லாததாகவும் மெல்லியதாகவும் வேறொன்று எடுத்தோம். அதன்மேல் நைட்டி போட்டுக்கொண்டு தண்ணீர்வரை நடந்து போவார். அங்கே நைட்டியைக் கழற்றி மடித்துக் கல்மேல் வைப்பார். பேசுகிறவர்கள் பேசிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பிறகுதான் கால் சங்கதி வந்தது. அவருக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. ஏரியில் கண்ணாடிச் சில்லு குத்தியதே தெரியாமல் வீடுவரை போயிருக்கிறார். அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. அடுத்த புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"காலும் வேணும், தண்ணியும் வேணும். அதுக்கொரு செருப்புப் பாரு."

எனக்கு மனதில் பட்டதைச் சொன்னேன். விட்டுவிடுங்கக்கா என்றேன்.

"உங்கிட்ட ரோசனை கேக்கல சாமி. செருப்புக் கேட்டேன்."

நான் புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் சாக்கு விரித்துச் செருப்பு விற்று மேலே வந்தவன். கட்டைவிரலால் அடியை அமுக்கிப் பார்த்து, தடியாக இருந்தால் நல்ல சரக்கு என்று எடுக்கிற ஜனங்களைத்தான் எனக்குத் தெரியும். கணுக்கால்வரை ஏறுகிற, அடி தடித்த ரப்பர் ஷூ ஒன்றை எடுத்துப் போட்டேன். ஆணி குத்தினாலும் இறங்காது. காலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. "போடப் போட லூசாயிருமுங்க" என்றேன்.

அந்த வருடம் ஏரி காய்ந்து கிடந்தது. அக்கா பலகையை ஏரிக்குள்ளேயே கொண்டுவந்து இரண்டு பழைய டயர்மேல் வைத்தார். சுற்றிலும் தார்ப்பாய்களை மடித்து மெத்தைபோல் போட்டார். பலகையில் செருப்பு வார் போலவே கால் வார் உண்டு. காற்று பலக்கும்போது பலகை துள்ளும், கால் வழுக்காமலிருக்க அதில் நுழைத்துக்கொள்வார்கள். விரல் மட்டும் மறுபுறம் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குமேல் ஆழமாகப் போனால், விழும்போது கால் வெளியே வராது. புரளும் பலகை கணுக்காலை முறுக்கிவிடும். அதனால் ஷூவைப் போட்டுக்கொண்டு, வாரில் காலை நுழைத்து, வேண்டுமென்றே பக்கவாட்டில் விழுந்து பார்த்தார். எழுந்து மறுபடி விழுந்தார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அந்தம்மா எதுக்குங்க உழுந்துட்டே இருக்குது?"

"செருப்பு வாங்கறாங்க" என்றேன்.

தடித்த ஷூ வாரில் மாட்டிக்கொண்டது. ஆள் தார்ப்பாயில் கிடக்க, கால் மட்டும் பலகையில் நின்றது. நான் ஓடிப்போய் உருவிவிட்டேன். அக்கா படுத்தபடியே சொன்னார்: "இது லூசாகற வரைக்கும் எங் கணுக்கால் காத்திருக்குமா தம்பி? வாருக்கு உடத் தெரியோணும். புடிக்கறதுக்கு எங் காலு இருக்குது."

கடைசியில் தேறியது, அடி மெலிந்த, ஆனால் கண்ணாடி எளிதில் இறங்காத, விளிம்பில் பல் இல்லாமல் வழவழவென்றிருந்த ஒரு ஜோடி. காலோடு ஒட்டி நின்றது. ஷூவின் கனத்துக்கு வாரைக் கொஞ்சம் தளர்த்தினார். விழுந்ததும் கால் தானாக உருவிக்கொண்டது. ஆனால் கால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிவதுபோல் அவருக்குத் தெரியாதே. லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கரை வெட்டி ஷூவின் நுனியில் ஒட்டினார். வாருக்கு வெளியே சிவப்பு மட்டும் தெரிந்தால் சரி. சிவப்புக்கும் வாருக்கும் நடுவே ஷூவின் கறுப்பு தெரிந்தால் ஆழம் அதிகம். கால் சொல்லாததைக் கண்ணால் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மழைக்கு ஏரியில் தண்ணீர் நின்றது. ஆடியில் இறங்கினார். நானும் போனேன். அவர் கரையேறியதும் ஷூவைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்து விரலிடுக்கு வரை பார்ப்பேன். செருப்புக் கடைக்காரனுக்குக் காலைத் தொடுவதில் கூச்சம் கிடையாது. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்பார்: "பத்தும் இருக்குதா?"

"இருக்குதுங்கக்கா."

தண்ணீர் இருந்த ஒவ்வொரு வருடமும் இது நடந்தது. டாக்டர் சொன்ன அந்த அடுத்த புண் வரவே இல்லை.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு நஷ்டம். போடப் போட லூசாயிரும் என்ற வார்த்தையைச் சொல்லி எவ்வளவோ சரக்கு தள்ளியிருக்கிறேன். இப்போது அது வாயில் வருவதில்லை. சர்க்கரைக்காரர் யார் வந்தாலும் காலைக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்கிறேன்.

அன்று பந்தலைத் தாண்டி உள்ளே போனேன். வழக்கப்படி இரண்டு கால் பெருவிரலையும் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இறுக்கமான கட்டு. மாலை போட்டவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்து நின்றார்கள். நான் கால்மாட்டில் நின்று, ஓரத்துச் சுண்டுவிரலில் தொடங்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கீறல்கூட இல்லை.

"இருக்குதுங்கக்கா" என்றேன். பக்கத்தில் நின்ற கவிதாவுக்கு மட்டும் கேட்டிருக்கும்.