முனிரத்தினம் சார் யாரையும் நம்பியதில்லை

சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. வந்த வேகத்தில் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. நான் நம்பவில்லை. குழுவில் வரும் எதையும், சம்பந்தப்பட்டவருக்குப் போன் போடாமல் நம்பக்கூடாது என்று சொல்லிச் சொல்லி எங்கள் உயிரை வாங்கியவர் அவர்தான். அதனால் அவருக்கே போன் போட்டேன். அவர் மனைவி எடுத்து, "ஆமாம்மா" என்றார். 

இதைப் படிப்பவர்களில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் மீடியத்துக்குச் சமூக அறிவியல் எடுத்தவர். நான் அதே பிரிவுக்குக் கணக்கு. தெலுங்கு மீடியம்தான் பெரியது. எங்களுடையது ஓரத்தில் நாலைந்து வகுப்பறைகள். பாடத்துக்கு ஒரே ஆசிரியர். ஒருவர் லீவு போட்டால் தமிழில் அந்தப் பாடத்தை நடத்த இன்னோர் ஆள் கிடையாது. பிள்ளைகள் பெரும்பாலும் விசைத்தறி வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

இந்தப் பள்ளிக்கும் ஒருநாள் வெளிநாட்டு யோகம் அடித்தது. அயல்நாட்டுப் பள்ளியோடு கூட்டு, ஆசிரியர் பரிமாற்றம் என்று ஒரு நிதித் திட்டம். திருப்பதி கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் வந்து திரையில் படம் போட்டு விளக்கினார். இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு எங்களில் ஒருவர் மூன்று வாரம் போய்வரலாம், செலவு முழுவதும் அவர்களுடையது. என் பெயரை அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சார் மட்டும் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"மேடம் அங்க பூட்டாங்கன்னா, இங்க அவங்க கிளாஸ யார் எடுப்பாங்க?"

அம்மையாரின் படங்களில் அதற்குப் பதில் இல்லை. தலைமையாசிரியர் எழுந்து, "மூணு வாரம்தானே சார். தெலுங்கு செக்‌ஷனோட உக்கார வெச்சு சர்துபாட்டு பண்ணிக்கலாம்" என்றார். இருப்பதை வைத்துச் சமாளிப்பதற்கு எங்கள் பள்ளிகளில் அதுதான் பெயர்.

"சேத்து உக்கார வெச்சத மறுபடி பிரிச்சு நான் பாத்ததில்ல சார்."

 வயிற்றெரிச்சல் பிடித்த மனிதர் என்றே நினைத்தேன். ஆனால் மறுநாள் மதியம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் இங்கிலாந்து கிளம்பும்வரை தினமும் வந்தார். "சோறு துன்ற நேரத்துல இந்த ஸைன், காஸ் எல்லாம் எனக்குத் தேவையா மேடம்?" என்று அலுத்துக்கொண்டே கற்றுக்கொண்டார்.

"கிளாஸ நான் புடிச்சிக்கறேன், நீங்க போங்க. ஆனா திரும்பி வருவீங்களா?"

"வேற எங்க சார் போவேன்?"

"இந்த மாதிரி போனவங்க ஊருக்கு வராங்க, கிளாசுக்கு வர்றதில்ல. திருப்பதில டெபுடேஷன்ல உக்காந்துக்கினு நமக்கே ட்ரெயினிங் குடுக்கறாங்க."

நான் அங்கே போன பிறகும் அவர் விடவில்லை. என்னைத் தங்க வைத்திருந்த ஆசிரியை, கண்காட்சிக்காக எங்கள் பள்ளியின் படங்களைக் கேட்டார். வகுப்பறை, மதிய உணவு, கழிப்பறை எல்லாம் வேண்டுமாம். சாருக்குச் சொன்னேன். குரல் பதிவு வந்தது. "அனுப்பறேன். அவங்க கக்கூஸையும் படம் புடிச்சு அனுப்பச் சொல்லுங்க. பார்ட்னர்னா ரெண்டு பேரும்தான காட்டணும்?"

எனக்கு மானம் போயிற்று. முடிந்தவரை மெத்தென்று மொழிபெயர்த்தேன். அந்த ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நூலகத்துக்குப் பின்னால் ஒரு தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, கீழே வரிசையாக வாளிகள். விருந்தாளிகளை இந்தப் பக்கம் கூட்டி வருவதில்லை என்றார். அதைத் தானே படம் பிடித்துச் சாருக்கு அனுப்பினார். "அட, இவங்களும் நம்மாளுங்கதான்!" என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் வீடியோவில் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

நான் இல்லாத நாட்களில் ஒருமுறை, பத்தாம் வகுப்பைத் தெலுங்குப் பிரிவுக்கு அழைத்துவரச் சொல்லி தலைமையாசிரியர் அட்டெண்டரை அனுப்பியிருக்கிறார். சார் கரும்பலகையை விட்டுத் திரும்பாமலே, "ஆர்டர எழுத்துல குடுக்கச் சொல்லுப்பா, வரோம்" என்றாராம். யாரும் எழுதித் தரவில்லை. நான் திரும்பி வந்தபோது அவர் போட்டுக் கொடுத்த கணக்குகளில் பாதி தப்பு. சரிசெய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். "பாத்தீங்களா சார், வந்துட்டேன்" என்றேன். "இருங்க, பாக்கலாம்" என்றார்.

துக்கம் கேட்கப் போன அன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாயந்தரம் ஊட்டுக்கு வந்ததும், 'அந்த மேடம் இன்னிக்கும் வந்தாங்க'ன்னு சொல்வாரும்மா. வராம எங்க போவாங்கன்னு கேட்டா, 'உனக்குத் தெரியாது, திருப்பதி கூப்புடும்'பாரு. கடைசி வரைக்கும் உங்கள நம்பவே இல்ல." சொல்லிவிட்டு அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அடக்க முடியாத அழுகை வந்தது.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. திருப்பதி கூப்பிட்டுவிட்டது. பரிமாற்றத் திட்டங்களைக் கவனிக்க டெபுடேஷனில் வரச் சொல்கிறார்கள். குளிர்சாதன அறை, வெளிநாட்டுப் பயணங்கள், விடைத்தாள் திருத்தும் வேலை இல்லை. ஆசையாகத்தான் இருக்கிறது. இன்னும் பதில் சொல்லவில்லை. இரங்கல் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதே தலைமையாசிரியர் சாருடைய வகுப்புகளுக்குச் சர்துபாட்டு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் போய்விட்டால் அந்த நாலைந்து அறைகளில் தமிழ் இருக்காது.

சாரைப் பற்றிப் பேசியவர்கள் அவருடைய நேர்மையையும் எளிமையையும் எடுத்துச்சொன்னார்கள். அவை உங்களிடமே இருக்கட்டும். எனக்கு அவருடைய சந்தேகம் போதும். இத்தனை நாள் நான் வகுப்புக்கு வந்தேனா என்று பார்க்க ஒரு மனிதர் இருந்தார். இனி என்னை நான்தான் சந்தேகப்பட வேண்டும்.