கம்ப்யூட்டர் தேறிவிட்டது

பவானிபூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். துறைமுக அலுவலகத்தில் நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் என் கணவர் வீட்டில் அதன் பக்கமே போக மாட்டார். அதனால் அது எனக்கும் ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கும் பொது. அவளுக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி வங்காளம். ஏதோ புராஜெக்டுக்காகக் கம்ப்யூட்டரின் மொழியையே வங்காளத்துக்கு மாற்றியவள், அப்படியே விட்டுவிட்டாள். நானும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு எழுத்து எதற்கு? கீழே இருக்கிற படங்களில் எதை அழுத்தினால் எது திறக்கும் என்று தெரியும். இந்த ஊரில் நான் பஸ் ஏறுவதும் அப்படித்தான். பலகையைப் படிப்பதில்லை, நம்பரைப் பார்ப்பேன். வங்காளத்தில் பேசுவேன், காய்கறிக்காரரிடம் சண்டைகூடப் போடுவேன். படிக்க மட்டும் வராது.

அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை. நான் தமிழ் எம்.ஏ. இங்கே தமிழர்கள் கூடுகிற இடத்தில் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தராத அம்மாக்களைப் பார்த்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். ஒரு பொங்கல் விழாவில், நியூ டவுனிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம், "பெத்த பிள்ளைக்குத் தாய்மொழி தெரியலேன்னா அது யார் தப்பு?" என்றேன். பாவம், அவள் பாதி இலையில் எழுந்து போனாள். என் மகள் தமிழில் சரளமாகப் பேசுவாள். கேட்டவர்கள் அவளுக்குப் படிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவளுக்கு எழுத்துக்கூட்டக்கூட வராது. ஊருக்குத்தான் உபதேசம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் கற்பிக்கிற பள்ளி ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்காக நான் கேட்ட முதல் வேலை அது. ஊர் ஊராகக் கணவரின் மாற்றலுக்குப் பெட்டி கட்டியே வயது போய்விட்டது. என் படிப்பைக் கேட்க யாராவது இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

வீடியோவில் நேர்காணல் நடந்தது. தலைமை ஆசிரியை கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னேன். அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியாக, கம்ப்யூட்டர் வேலையைக் கவனிக்கிற தம்பி வந்தார்.

"நம்ம வகுப்பு சாப்ட்வேரை உங்க சிஸ்டம் தாங்குமான்னு பார்க்கோணுங்க மேடம். எந்த விண்டோஸ், ராம் எத்தனை ஜிபின்னு தெரியுங்களா?"

தெரியாது என்றேன். திரையைப் பகிரச் சொன்னார்.

"செட்டிங்ஸ் திறங்க. இடது பக்கம் சிஸ்டம்னு இருக்கும். அதுக்குள்ள போனா, கடைசியில அபவுட்னு இருக்குமுங்க."

எல்லாம் இருந்தது, வங்காளத்தில். ஒன்றை அழுத்தினேன், திரை மங்கியது. இன்னொன்றை அழுத்தினேன், ஏதோ ஒலியின் அளவு வந்து நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சொந்த வீட்டில் சாவி எங்கே என்று தெரியாமல் துழாவுகிறவள் மாதிரி இருந்தேன்.

"அது என்ன எழுத்துங்க மேடம்?"

"வங்காளம்."

"அட, வங்காளமும் படிப்பீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை மகிழ்ச்சியோடு.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். வேறு வழியில்லை.

பொரிக் கிண்ணத்தோடு வந்தவள் நின்றபடியே நாலு தட்டு தட்டினாள். "விண்டோஸ் லெவன். ராம் எய்ட் ஜிபி. சிக்ஸ்டி ஃபோர் பிட்" என்று படித்தாள். பிராசஸரின் பெயரையும் சொன்னாள்.

"போதும் பாப்பா. கம்ப்யூட்டர் தேறிடுச்சுங்க மேடம்."

எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. வங்காளத்தில் இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து உடையாமல் தெரியுமா? என் திரைப் பகிர்வை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதல் பாடத்தை எனக்கு அனுப்பித் திறக்கச் சொன்னார்.

"நல்லாத் தெரியுதுங்க" என்றேன் அவசரமாக.

"பாப்பாவே படிக்கட்டும், பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியணுமில்ல" என்றார் தலைமை ஆசிரியை. "முதல் வரியைப் படி கண்ணு."

மகள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பொரியை மெல்வதை நிறுத்திவிட்டாள்.

"எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியுதுங்களா பாப்பா?" என்று கேட்டார் தம்பி.

ஆமாம் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். மேஜைக்கடியில் அவள் காலைக்கூட லேசாக மிதித்தேன்.

"இல்ல அண்ணா, நல்லாத்தான் தெரியுது. எனக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாது."

"பரவாயில்ல கண்ணு" என்றார் தலைமை ஆசிரியை. "அம்மாகிட்டயே கத்துக்கலாமே?"

"அம்மா சொல்லித் தந்தாங்க. ஒரு எழுத்து தப்பா படிச்சாலும் ரொம்பத் திட்டுவாங்க. அதான் நிறுத்திட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. ராம் எத்தனை என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "குழந்தைங்க அப்படித்தான் சொல்லும்" என்று சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. பொங்கல் விழாவில் அந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. சிறு பிள்ளைகளுக்கு இன்னும் பொறுமையான ஒருவரைத் தேடுகிறோம், மன்னிக்கவும் என்று எனக்கு ஒரு வரி. சனிக்கிழமை வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது, உங்கள் மகளுக்கு விருப்பமிருந்தால் சேரலாம் என்று கீழே இன்னொரு வரி. அதை அவளிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். பிறகு சொன்னேன். சேர்கிறேன் என்றாள்.

முதல் சனிக்கிழமை அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறையில் மிக்ஸியைப் போடாமல் நின்றேன். யாரோ ஒரு ஆசிரியை ஒரு சொல்லைச் சொல்ல, என் மகள் தப்பாகத் திருப்பிச் சொன்னாள். திருத்த என் வாய் தானாகத் திறந்தது. அதற்குள் உள்ளே இருவரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் தமிழ்ப் பாடத்தின் நடுவே அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.