வரைபடக் கோட்டுக்கு அடியில் எங்கள் மனை

ஒரகடத்தில் மண் பரிசோதனை செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலை கட்ட வருபவர்களுக்கு நிலத்தைத் துளைத்துப் பார்த்து அறிக்கை தருவோம். ஒருமுறை பழைய மண் ஆய்வு வரைபடங்களை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் வரைந்தவை. செம்மண் இளஞ்சிவப்பு, களிமண் சாம்பல். மடிப்பில் கிழியாமல் ஒரு தாளை விரித்தபோது மண்ணூர் என்ற பெயர் தென்பட்டது.

அங்கேதான் நாங்கள் மனை வாங்கியிருந்தோம். பத்து நாளில் பூமி பூஜை. செயற்கைக்கோள் படத்தை அந்தத் தாளின்மேல் பொருத்திப் பார்த்தேன். எங்கள் மனை இளஞ்சிவப்பிலும் இல்லை, சாம்பலிலும் இல்லை. இரண்டையும் பிரிக்கும் கறுப்புக் கோட்டுக்கு அடியில் மறைந்திருந்தது. தாளில் அது பேனா கீறிய கோடு; தரையில் எங்கள் தெருவையே மூடிவிடும்.

களிமண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், சுவரைப் பிளக்கும். அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் மண்ணூருக்குப் போய், தெருத்தெருவாக அடுத்தவர் வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். யாரைத் தேடுகிறாய் என்று ஒருவர் கேட்டார். விரிசலைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

என் கணவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து வாடகை அறைகளிலேயே இருந்து சலித்தவர். “எல்லாரும் வீடு கட்டி இருக்கத்தான செய்யுதாவ? நீ ஒருத்திதான் மேப்பைப் பாத்துட்டுத் திரியுத” என்றார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூடவே வந்தார். அலுவலகத்தில் கேட்டு வாங்கிய கைத்துளைக் கருவியை அவர்தான் திருகி இறக்கினார். மனையின் முன்பக்கம், கொட்டி நிரப்பிய கிராவலுக்குக் கீழே நல்ல செம்மண். போதும் என்று கருவியைத் துடைக்க ஆரம்பித்தார். பின்பக்கமும் ஒன்று போடலாம் என்று கெஞ்சினேன். அங்கே சாம்பல் களி வந்தது. அதை விரலால் உருட்டினார். கயிறு மாதிரி நீண்டது. நான்கடி தள்ளி அவரே இன்னொரு துளை போட்டார். அங்கும் அதே.

அஸ்திவாரத்துக்கு மூன்றடி ஆழக் கடைக்கால் போதும் என்று சொல்லியிருந்த மேஸ்திரி வந்து பார்த்தார். “இன்னாம்மா, பின்னாடி பூரா களியா கீது. இதும்மேல நான் சுவரு எழுப்ப மாட்டேன்” என்றார். எங்கள் அலுவலகப் பொறியாளர் அஸ்திவாரத்துக்கு வேறு திட்டம் வரைந்து கொடுத்தார். பின்பக்கம் கெட்டித் தரை வரும்வரை தூண்களை இறக்கி, முன்பக்கத்தோடு பீம் போட்டு இணைத்தோம். பூஜைக்குக் குறித்த நாள் கடந்துபோனது. இன்னும் ஆறு மாதம் இருந்துகொள்கிறோம் என்று வாடகை அறையின் சொந்தக்காரரிடம் கேட்கப் போனபோது என் கணவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

குடிவந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. எங்கள் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. எங்களுக்குப் பின்வீடு வரைபடத்தில் முழுக்கவே சாம்பல் நிறத்துக்குள் இருக்கிறது. எங்களுக்கு முன்பே கட்டிக் குடியேறியவர்கள். அந்த வீட்டு அக்காவிடம் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கட்டி முடிச்சாச்சு. இப்போ தெரிஞ்சு இன்னா பண்றது, சொல்லு” என்றார்.

மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். வானம் கறுத்தால் இப்போதும் நான் அவர்கள் வீட்டுச் சுவரைத்தான் பார்க்கிறேன்.