காற்றுக்குக் காசா?

ஆம்பூர்த் தோல் மண்டி ஒன்றில் நான் கார் டிரைவராக இருந்த காலத்தில் என் முதலாளிக்கு வேகப் பித்துப் பிடித்தது. மெட்ராஸில் யாரோ ஒரு துரையின் வண்டியில் சூப்பர்சார்ஜரைப் பார்த்திருக்கிறார். உடனே நம் வண்டிக்கும் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். எஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் பம்பு அது. அந்தப் பெயர் மண்டியில் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் ஊதி என்று வைத்துக்கொண்டோம். பெடலை அழுத்தினால் வீலென்று கத்தும். ரோட்டில் போகிற மாடு மிரளும், முதலாளி முகம் மலரும்.

கூடவே பெட்ரோலும் பறந்தது. முன்பெல்லாம் இரண்டு டின் ஊற்றினால் வேலூர் போய்த் திரும்பிவிடலாம். இப்போது மூன்றும் பற்றவில்லை. முதலாளியின் கணக்கோ வேறு மாதிரி இருந்தது.

"ஊதி காத்தத்தான திங்குது? காத்து ஜாஸ்தி போனா பெட்ரோல் கம்மியாத்தான் ஆவணும். காத்துக்கு இன்னா காசா?"

"அடுப்ப ஊதுனா வெறகு சீக்கிரம் தீந்துடும் முதலாளி," என்றேன். "காத்து ஜாஸ்தியானா பெட்ரோலும் ஜாஸ்தி போனாத்தான் எஞ்சின் இழுக்கும். அந்த ஊதியச் சுத்துறதும் அதே எஞ்சின்தான், அதுக்கும் தீனி வேணும்."

ஊதுகிற சங்கை ஊதிப் பார்த்தேன், விடியவில்லை. ஒருநாள் மண்டி வாசலில், தோல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்க்க, "பெட்ரோல எங்கப்பா விக்கிற?" என்று கேட்டேவிட்டார். டிரைவர் வேலை பனைமரத்தடி, அங்கே பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். வந்த ஆத்திரத்தில் வேலையை உதறியிருப்பேன். உதறினால் திருட்டுப்பயல் ஓடிவிட்டான் என்றாகிவிடும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்புறம் வேலூரைவிடப் பக்கமான ஜோலார்பேட்டைக்குப் போகிற வேலை வந்தது.

"பெட்ரோல நீங்களே ஊத்துங்க முதலாளி. என் பக்கத்துலயே உக்காருங்க. எங்க போவுதுன்னு பாத்துடலாம்," என்றேன்.

காலி டாங்கில் அவரே இரண்டு டின்னை ஊற்றிவிட்டு ஏறினார். ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் "அமுக்குப்பா" என்றார். அமுக்கினேன். திரும்பும்போது, வாணியம்பாடி தாண்டியதும், பக்கத்துத் தண்டவாளத்தில் மெயில் வண்டி வந்தது.

"உடாத, அமுக்கு!"

ஊதி அலற ரயிலை முந்தினோம். ஜன்னலில் தெரிந்த முகங்களுக்கெல்லாம் முதலாளி கையை ஆட்டினார். ஆட்டி முடிப்பதற்குள் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ரயில் அதன்பாட்டுக்குப் போய்விட்டது.

இறங்கிப்போய் டாங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். நனையவில்லை.

"நான் உன் பக்கத்துலயேதானப்பா இருந்தேன்?"

"ஆமா முதலாளி."

இறங்கி, ரோட்டில் ஏதாவது வண்டி வருகிறதா என்று பார்த்தேன்.

மண்டிக்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டியில் காரைக் கயிறு போட்டுக் கட்டினோம். ஊரே வேடிக்கை பார்க்க, மாடு இழுத்த காரில் வாசலுக்கு வந்து சேர்ந்தார் முதலாளி. இறங்காமல் அந்தத் திறந்த காரிலேயே எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. டிரைவர் மேல நான் சொன்னது தப்பு. அவன் ஒரு சொட்டு எடுக்கல. அவ்ளோ பெட்ரோலையும் குடிச்சது நான்தான்."

தோல் சுமக்கும் ஆள் ஒருவர் பதறிப்போனார். "ஐயையோ, டாக்டர இட்டாரட்டுமா முதலாளி?"

வாசலே வெடித்துச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். அந்த ஒரு மாதமாக நான் சிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.